மணல் நிறக் குருவியின் கண்

மணியனின் பனியன் கம்பெனியில் அப்போது கண்ணாடி போட்டவர்களுக்குச் செக்கிங் டேபிளில் இடம் கிடையாது. எழுதி ஒட்டிய சட்டமில்லை. மணியன் வாயால் சொன்னது, அதனால் இன்னும் கெட்டி. கண்ணாடி மாட்டினால் அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டப் போய்விட வேண்டும். மயிலாள் அப்படித்தான் போனாள். டேப் ஒட்டிக்கொண்டே செக்கிங் டேபிளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். அந்தத் தூரம் அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

ஆகவே செக்கிங் சூப்பர்வைசர் அனுசுயா தன் கண்ணாடியைச் சாப்பாட்டுப் பையில், ஊறுகாய் டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தாள். பல்லடத்தில் நடந்த கண் முகாமில் வாங்கியது. கமுதிப் பக்கத்திலிருந்து வந்து, டெய்லர் பக்கத்தில் நின்று துணி மடித்துக் கொடுத்ததில் தொடங்கி, இந்த நாற்காலிக்கு வந்து சேர்வதற்குள் பட்டது கொஞ்சமா நஞ்சமா! புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். நாற்காலி போனால் திரும்ப வராது என்கிற பயம் தினமும் காலையில் கம்பெனி வேனில் அவளோடு சேர்ந்தே ஏறும்.

கம்பெனியில் அவளுக்குக் கழுகுக் கண் என்று பேர். தைத்த பீஸை ஒருமுறை உதறினால் ஓட்டை எங்கே என்று சொல்லிவிடுவாள் என்பார்கள். கொஞ்ச நாளாக அவள் ஓட்டையை விரலால் தடவித்தான் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள் என்பது யாருக்கும் தெரியாது. கறைதான் சனியன், விரலுக்குச் சிக்காது.

இரண்டாயிரத்து ஏழில் ஜெர்மனியிலிருந்து குழந்தைகள் டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் வந்தது. நெஞ்சில் ஒரு குருவி. யானையில்லை, சிங்கமில்லை, பாலைவனத்தில் வாழும் ஒரு கதிர்க்குருவி. கைக்குள் அடங்குகிற உருப்படி. அதற்குப் பறப்பதைவிட வாலைத் தூக்கிக்கொண்டு புதருக்குப் புதர் ஓடுவதுதான் பிடிக்குமாம். உடம்பெல்லாம் மணல் நிறம். மணலில் நின்றால் அதைப் பெற்ற தாய்க்கே தெரியாது. அப்படியே வேண்டும் என்று ஆர்டர் கொடுத்த பையர் கேட்டிருந்தான், மணல் நிறத் துணியில் மணல் நிறக் குருவி.

ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் தமிழ்செல்வன் மணியனின் அக்கா மகன். அவன் செக்கிங் டேபிளுக்கு வந்து, குருவி பிரிண்ட் ரொம்ப லைட்டாக இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா என்று சொல்லிவிட்டு, செல்போன் அடித்ததும் வெளியே போய்விட்டான். குருவிக்குக் கண் மட்டும் மஞ்சள் என்பதைச் சொல்லவில்லை. அனுசுயா எல்லாம் தெரிந்தவள்போலத் தலையாட்டி வைத்தாள்.

காலையில் முதல் கட்டு பிரிந்தது. அனுசுயா ஒரு பீஸை விரித்துப் பார்த்தாள். குருவியும் இல்லை, குருவியின் இறகும் இல்லை. வெறும் துணி. குருவி அங்கேதான் இருக்கிறது, நமக்குத்தான் கண் முழுதாகப் போய்விட்டது என்று நினைத்தாள். பக்கத்திலிருந்த பெண்களிடம் கேட்கலாம்தான். கேட்டால் மாலைக்குள் மயிலாள் பக்கத்தில் நின்று டேப் ஒட்ட வேண்டியிருக்கும்.

அப்போதுதான் நெஞ்சுப் பக்கம் கடுகளவு மஞ்சள் புள்ளி ஒன்று தெரிந்தது. அடுத்த பீஸிலும் அதே இடத்தில். அதற்கடுத்ததிலும். அனுசுயாவுக்கு உயிர் திரும்பி வந்தது. தன் கண்ணுக்குத் தெரிகிற ஒரு குறை கிடைத்துவிட்டதே! மெஷின் எண்ணெய் சொட்டியிருக்கிறது, மொத்தத்தையும் கறை எடுக்க அனுப்புங்கள் என்று உத்தரவு போட்டாள். பெண்கள் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கழுகுக் கண் சொன்னால் சொன்னதுதான்.

கறை எடுக்கும் கருத்தம்மா கையில் துப்பாக்கி மாதிரி ஒரு மருந்துக் குழாய் வைத்திருப்பாள். அடித்தால் கறை போகும், சுற்றி வளையம்கூட விழாது. அவசரத்தில் பிரிண்ட்டைச் சரியாகச் சூடேற்றிப் பதிய வைக்காமல் அனுப்பியிருந்ததால் மஞ்சள் சுலபமாகவே போனது. சாயங்காலம் டீ வருவதற்குள் கருத்தம்மா எல்லாக் குருவிகளையும் குருடாக்கி, அழகாக அடுக்கியும் வைத்துவிட்டாள்.

டீயோடு தமிழ்செல்வனும் வந்தான். மேலாக இருந்த பீஸை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தவன், டம்ளரைக் கீழே வைத்தான்.

"அக்கா, கண்ணு எங்கீங்க?"

அனுசுயா தன் கண்ணைத்தான் கேட்கிறான் என்று நினைத்து ஒரு கணம் செத்துப் பிழைத்தாள். விஷயம் விளங்கியபோது அதைவிடக் கேவலமாக இருந்தது.

மணியன் வந்தார். கத்தவில்லை, அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். இத்தனை பேர் பார்த்தீர்களே, ஒருத்தருக்குக்கூடக் குருவி தெரியவில்லீங்களா என்று விசாரித்தார். மறுநாள் சரக்கைப் பார்க்கப் பையரின் ஆள் வருகிறான். தைத்து முடித்த துணியில் மறுபடி ஸ்கிரீன் போட்டு அச்சடிக்க முடியாது. மஞ்சள் சாயப் பேஸ்ட்டைத் தீக்குச்சி நுனியில் தொட்டு, ஒவ்வொன்றாகக் கையால்தான் வைக்க வேண்டும் என்றான் தமிழ்செல்வன். குருவியின் முகம் எங்கே என்று தெரிந்த ஆள் வைக்க வேண்டும். ஒரு நூல் தள்ளினால் கண் முதுகுக்குப் போய்விடும்.

எல்லோரும் அனுசுயாவைப் பார்த்தார்கள். கழுகுக் கண் அவள்தானே.

குத்துமதிப்பாக வைத்துவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. வைத்தால் இன்றைக்கு நாற்காலி தப்பும். ஆனால் ஏற்கனவே ஒருமுறை குருடாக்கிய பிராணிகள். அவளுக்கு மனசு வரவில்லை. எழுந்துபோய்ச் சாப்பாட்டுப் பையைத் திறந்து, ஊறுகாய் டப்பாவை எடுத்து வெளியே வைத்து, கண்ணாடியை எடுத்துச் சேலைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டாள். தூரத்தில் மயிலாள் டேப் ஒட்டுவதை நிறுத்தினாள்.

அனுசுயா குனிந்து பார்த்தாள். குருவி இருந்தது. வாலைத் தூக்கிக்கொண்டு, இறகு இறகாக, இத்தனூண்டு அலகோடு நின்றது. தீக்குச்சியைத் தொட்டு, முகத்தில் புள்ளி வைத்தாள். குருவி சட்டென்று அவளைப் பார்த்தது.

மணியன் அந்தப் பீஸை வாங்கினார். கையை நீட்டி எட்டப் பிடித்துப் பார்த்தார். கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். லைட்டுக்கு அடியில் போய்ப் பார்த்தார். நூல் சாம்பிளைக்கூட அவர் எப்போதும் எட்டப் பிடித்துத்தான் பார்ப்பார், அது முதலாளி தோரணை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். கடைசியில் திரும்பி வந்து, யாரையும் பார்க்காமல் கையை நீட்டினார்.

"அம்மிணி, அதக் கொஞ்சம் குடுங்க."

மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவருடைய பெரிய மூக்கில் அந்த முகாம் கண்ணாடி பாதிதான் உட்கார்ந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"இங்கதான் இருக்குதுங்க," என்றார் மெதுவாக. கழற்றித் துடைத்து அனுசுயாவிடம் திருப்பிக் கொடுத்தார். "கயிறு கட்டிக் கழுத்துல மாட்டிக்கோங்க. ஊறுகாய்ப் பையில கிடந்தா ஒடஞ்சு போயிருமுங்க."

பிறகு பெட்டி அடுக்கியிருந்த பக்கம் திரும்பி, மயிலாளையும் ஒரு தீக்குச்சி எடுத்துக்கொண்டு டேபிளுக்கு வரச் சொன்னார்.