பதின்மூன்று மாதத் தட்டம்மை

எங்கள் டிவிஷனின் வரலாற்றை எழுதியவர்கள் அதிகாரிகள். அச்சுக் கோத்தவன் நான். அதனால் அதிலுள்ள வீரமெல்லாம் அவர்களுடையது, பிழையெல்லாம் என்னுடையது என்று இன்றுவரை சொல்லித் திரிகிறார்கள். சொல்லட்டும்.

1917-ல் ஜெர்மனியோடு சண்டைக்காக நியூயார்க் தெருக்களிலிருந்து சீட்டுக் குலுக்கி எடுத்த பட்டாளம் எங்களுடையது. தையல்காரன், டிராம் கண்டக்டர், மீன் விற்கிறவன், கல்யாண வீட்டில் பிடில் வாசிக்கிறவன் எல்லோரும் உண்டு. கம்பெனியில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் வராது. மீதிப் பேருக்கு வந்த ஆங்கிலம் சார்ஜெண்டுக்குப் புரியாது. லாங் ஐலண்ட் முகாமில் முதல் வாரம் காவலுக்கு நின்றவன், ஒரு பசுவைப் பார்த்து மூன்று முறை "யாரது?" என்று கேட்டுவிட்டு, பதில் வராததால் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றான். இப்படிப்பட்டவர்களைக் கப்பலேற்றிப் பிரான்ஸில் ஒரு காட்டுக்குள் விட்டார்கள். தெருவுக்கு எண் போடாத இடத்தில் எப்படி நடப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

என் பக்கத்துக் கட்டில்காரன் செலிக் போமரன்ஸ், சட்டைக்குப் பொத்தான் துளை தைக்கிறவன். அவன் அம்மா கித்தல் ஆர்ச்சர்ட் தெருவில் பீப்பாய் வைத்து வெள்ளரிக்காய் ஊறுகாய் விற்றாள். கப்பலேறும் உத்தரவு வந்த அன்று செலிக் என்னிடம் சொன்னான்: "டேய் ஹெர்ஷ், அம்மாகிட்ட சொல்லப்போறதில்ல. அவளுக்கு நெஞ்சு பலவீனம்."

அவள் ஊறுகாய் விற்கும் குரல் நான்கு தெருவுக்குக் கேட்கும். பலவீனம் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

ஏற்பாடு இதுதான். முகாம் ரொட்டி அடுப்பில் வேலை பார்த்த அவன் சித்தப்பா மகன் மோட்கே அங்கேயே தங்கிவிட்டான். செலிக் பிரான்ஸிலிருந்து அவனுக்கு எழுதுவான்; உள்ளே அம்மாவுக்கு ஒரு கடிதம் இருக்கும். மோட்கே அதற்கு உள்ளூர் தபால்தலை ஒட்டிப் போடுவான். ஞாயிற்றுக்கிழமை ஏன் வீட்டுக்கு வருவதில்லை என்று அம்மா கேட்டால், முகாமில் தட்டம்மை, யாரையும் வெளியே விடுவதில்லை என்று பதில்.

கடிதங்களைத் தணிக்கை செய்தவர் கேப்டன் விட்கோம், வெர்மாண்ட்காரர். குண்டு விழும் பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டு, 'இன்றைக்கு லாங் ஐலண்டில் நல்ல வெயில், சூப் பிரமாதம்' என்று ஒருவன் எழுதினால் எந்த அதிகாரிதான் சும்மா இருப்பார்? ரகசியக் குறியீடு என்று முடிவுகட்டிக் கூப்பிட்டார்.

"சூப்புன்னா என்னய்யா? பீரங்கியா?"

"சூப்புதான் சார்."

"வெயில்?"

"வெயில்தான் சார். அம்மாவுக்கு நான் இங்க இருக்கறது தெரியாது சார்."

கேப்டன் கடிதத்தை மறுபடி படித்தார். பிறகு பென்சிலை நீட்டினார். "கொசுவைப் பத்தியும் ரெண்டு வரி எழுது. அந்த முகாம்ல கொசுவே இல்லன்னா எவன் நம்புவான்?"

அக்டோபரில் எதிரி எங்களைக் காட்டுக்குள் சுற்றி வளைத்துக்கொண்டான். நான்கு நாள் தண்ணீரில்லை. ஓடை சரிவுக்குக் கீழே. அதைப் பார்த்தபடி ஓர் இயந்திரத் துப்பாக்கி. செலிக் எங்கள் தண்ணீர்க் குடுவைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊர்ந்து போனான். மூன்று தடவை. எனக்கு ஒரு மூடி தண்ணீர் கிடைத்தது. அதைக் குடித்தபோது அழுதேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

அவனுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். அதை என்னிடம் தந்து ஒளித்துவைக்கச் சொன்னான்.

ஊர் திரும்பியதும் டிவிஷன் வரலாறு அச்சுக்கு வந்தது, நான் வேலை பார்த்த அதே அச்சகத்துக்கு. எங்கள் கம்பெனிக்கு இரண்டு பக்கம். கேப்டன் எழுதியதில் ஆறு வரி செலிக்கைப் பற்றி. அவன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"எடுத்துருடா. தெருவுல எவனாவது படிச்சுக் காட்டினா அவ நெஞ்சு தாங்காது. ஒரு வருஷம் காப்பாத்தினது ஒரு நிமிஷத்துல போயிடும்."

கேப்டனிடம் போனேன். "அந்த ஆறு வரியை எடுத்தா, உன் முதலாளிகிட்ட சொல்லி உன்னையும் எடுத்துருவேன்" என்றார். எனக்கு வேலையும் வேண்டும், செலிக்கும் வேண்டும். இரண்டு நாள் அந்தப் பக்கத்தைக் கோக்காமல் தள்ளிப்போட்டேன்.

மூன்றாம் நாள் கித்தல் அச்சகத்துக்கே வந்துவிட்டாள், கையில் கூடையோடு.

"ஏம்ப்பா ஹெர்ஷ், உங்க பட்டாளத்தைப் பத்திப் புத்தகம் போடறீங்களாமே. என் பையனைப் பத்தி இருக்கா?"

"அவன் முகாம்லதானே இருந்தான், அம்மா. தட்டம்மை..."

"அஞ்சு பிள்ளை பெத்தவ நான். தட்டம்மை பத்து நாள்ல எறங்கும். பதின்மூணு மாசம் எவனுக்குடா இருந்தது?"

நான் எழுத்துப் பெட்டியில் இல்லாத எழுத்தைத் தேடத் தொடங்கினேன்.

"முகாம்ல இருந்தவரைக்கும் ஒவ்வொரு கடுதாசியிலயும் சூப்பைத் திட்டித்தான் எழுதுவான். திடீர்னு சூப் பிரமாதம்ங்கறான். என் பிள்ளை சூப்பைப் புகழ்ந்தா, சூப்பே இல்லாத இடத்துல இருக்கான்னு எனக்குத் தெரியாதா?"

பிறகு அவள் சொன்னது எனக்குத் தெரியாத கதை. போர் முடிந்து திரும்பிய நாங்கள் ஐந்தாம் அவென்யூவில் ஊர்வலம் போன நாள், அவள் நாலு மணி நேரம் ஓரத்தில் நின்று ஒவ்வொரு வரிசையாக முகம் பார்த்திருக்கிறாள். செலிக் வயிற்று வலி என்று சொல்லி ஊர்வலத்துக்கே வரவில்லை, அம்மா கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று.

"கடைசி வரிசையும் போயிடுச்சு. அவன் இல்ல. வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன்னு தெரியல. சாயங்காலம் கதவைத் தட்டி, 'முகாமை மூடிட்டாங்கம்மா'ங்கறான். சூப் ஊத்தினேன். உப்பு பத்தலன்னான். அப்பத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு."

"அவன்கிட்ட சொல்லியிருக்கலாமே அம்மா."

"எதுக்கு? அம்மாவுக்குத் தெரியாதுங்கற நெனப்புலதான் அங்க அவன் தூங்கியிருப்பான். அதைப் போயி நான் பிடுங்கவா? அவனைப் பத்திப் போட்டிருந்தா அதை எடுத்துரு. எடுக்கறதுக்கு முன்னால ஒரு தடவை படிச்சுக் காட்டு."

படித்தேன். நின்றபடியே கேட்டாள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

"தண்ணி எடுக்கவா போனான்?"

"ஆமாம்மா. மூணு தடவை."

"வீட்டுல மூணு மாடி எறங்கி ஒரு வாளி கொண்டாடான்னா முழங்கால் வலிங்கறவன்." சிரிக்கத்தான் தொடங்கினாள். சிரிப்பு பாதியில் வேறொன்றாக மாறியது. இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரன் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீயும் அந்தத் தண்ணியைக் குடிச்சியா?" என்றாள்.

"குடிச்சேம்மா."

என் கன்னத்தைத் தட்டிவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

புத்தகம் வந்தது. ஆறு வரியைக் காலியாக விட முடியாதே. எங்கள் கம்பெனியின் கோவேறு கழுதை எவ்வளவு விசுவாசமானது என்று ஆறு வரி கோத்துவிட்டேன். கேப்டன் என்னைத் திட்டி எழுதிய கடிதம் நாலு பக்கம். அச்சுப் பிழை என்று பதில் போட்டேன். வேலை போகவில்லை, முதலாளிக்கு அந்தக் கழுதை பிடித்துப்போயிருந்தது.

செலிக் வந்து பக்கத்தை இரண்டு முறை பார்த்தான். என்னைக் கட்டிக்கொண்டான்.

"அம்மா உயிரைக் காப்பாத்திட்டடா. அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. அந்த முகாமைப் பத்தி இன்னிவரைக்கும் ஒரு கேள்வி கேட்கல, பாரேன். என்ன அதிர்ஷ்டம்."

"பெரிய அதிர்ஷ்டம்தான்" என்றேன்.

"ஆனா ஒண்ணுடா. கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்கா. நேத்து வாளியை எடுத்தேன், கையிலிருந்து பிடுங்கிட்டா. இனிமே இந்த வீட்டுல நீ தண்ணி எடுக்க வேணாம், நான் எடுக்கறேன்ங்கறா. மூணு மாடிடா. ஏன்னு கேட்டா, உனக்கு முழங்கால் வலிதானேங்கறா."