இரண்டு தோளுக்கும் ஒரே நூல்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. பிடிவாதக்காரி என்று பேர் வாங்கிய ஒரு தையல்காரியின் கதை சொல்கிறேன்.

அவள் ஊரில் ஒரு வெளிநாட்டுப் படை முகாம் போட்டிருந்தது. வீரர்கள் ஒரு நாட்டுக்காரர்கள்; அனுப்பி வைத்தது பல நாடுகள் கூடி நடத்தும் அமைப்பு. அதனால் சட்டையின் இடது தோளில் நாட்டுக் கொடி, வலது தோளில் அமைப்பின் சின்னம். இரண்டையும் தைத்துக் கொடுத்தது அவள்தான்.

ஒரு நாள் அந்த வீரர்கள் அவள் புருஷனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நீல நிற ரொட்டி வண்டி ஓட்டுகிற மனுஷன். அவர்கள் தேடிய ஆளிடமும் நீல வண்டி இருந்ததாம். ஆறு மாதமாக விசாரணையும் இல்லை, விடுதலையும் இல்லை.

வீரர்களுடைய நாட்டின் தூதரகத்தில், "உத்தரவு அமைப்போடது, அங்க போம்மா" என்றார்கள். அமைப்பின் அலுவலகத்தில், "வீரர்கள் அந்த நாட்டு ஆளுங்க, அங்க போம்மா" என்றார்கள்.

"பிடிக்கிறப்ப சேர்ந்து வந்தீங்க. விடச் சொன்னா ஒருத்தரும் வீட்டுல இல்லையா?" என்று கேட்டுவிட்டு, இருவர் மேலும் வழக்குப் போட்டாள்.

"ரெண்டு மலையோட முட்டுறியே அண்ணி!" என்றாள் நாத்தனார்.

"முட்டுறது என் தலை. நீ ஏன் தடவிக்கிற?"

நீதிமன்ற வாசலில் அவள் கத்தரிக்கோலைப் பறித்துக்கொண்டார்கள். பையிலிருந்த, அவள் சின்னம் தைத்த படைச் சட்டையை விட்டுவிட்டார்கள். அங்கேதான் ஏமாந்தார்கள்.

இரண்டு வக்கீல்களும் ஒருவரை ஒருவர் கைகாட்டி முடித்ததும், அவள் அந்தச் சட்டையை விரித்துப் பிடித்தாள்.

"ரெண்டு தோளுக்கும் ஒரே நூல்லதான் தைச்சேன். என் வீட்டுக்காரர் கழுத்தப் பிடிச்சவன் இதுல பாதியையா போட்டுட்டு வந்தான்? பொறுப்பில்லைங்கறவர் வந்து தன் சின்னத்தப் பிரிச்சு எடுத்துக்கட்டும். ஆனா நாளையிலேர்ந்து அந்தச் சின்னத்தோட ஒருத்தனும் எங்க தெருவுல நடக்கக்கூடாது."

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"செயல் ஒன்று, செய்தவர்கள் இருவர்," என்றார் நீதிபதி. "ஒருவரைக் காட்டி மற்றவர் தப்ப முடியாது. அந்த மனிதரை விடுங்கள்."

முகாம் வாசலில் புருஷன் பாதியாக இளைத்து வந்து நின்றான். அதிகாரி ஒரு தாளை நீட்டினார். "இனி புகார் இல்லைன்னு ஒரு கையெழுத்து போடும்மா."

"மொதல்ல நீங்க ரெண்டு பேரும் தப்பு செஞ்சோம்னு ஒரே தாள்ல எழுதிக் குடுங்க. அப்புறம் பேனாவத் தேடுறேன்," என்று சொல்லி, புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அதிகாரி நீட்டிய தாளில் கையெழுத்துப் போடும் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. புகாரும் அப்படியே நிற்கிறது.

உங்கள் வீட்டிலிருந்து காலையில் போனவர்கள் எல்லாரும் சாயங்காலம் திரும்பி வரட்டும், கண்ணுகளா. ஒருவர் வராவிட்டால், விடாமல் கேட்கும் வாய் ஒன்று அந்த வீட்டில் எப்போதும் இருக்கட்டும்.