மூன்றாம் எடைமேடையின் பழைய அனுமதி

தடை விதியைக் காலை ஒன்பதரைக்கே போட்டாயிற்று. ஆனாலும் பத்து மணி தாண்டியும் மூன்றாம் எடைமேடையின் கணினி, நிறுத்தச் சொன்ன அதே வெளி சர்வருக்கு லாரி எடைகளை அனுப்பிக்கொண்டுதான் இருந்தது.

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டின் நெட்வொர்க் பொறுப்பு மாயாவுடையது. அந்த சர்வர் ஒரு பழைய ஒப்பந்தக்காரருடையது. அதற்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். பதினொன்றுக்குள் நிற்காவிட்டால் யார்டின் மொத்த இணைப்பையும் துண்டிப்போம் என்று தலைமை அலுவலகம் எழுதியிருந்தது. துண்டித்தால் கேட் திறக்காது. வெளியே டிரெய்லர்கள் காசிமேடு பக்கம்வரை வரிசை கட்டி நின்றன. இறால் ஏற்றிய குளிர்பெட்டிகள் இரண்டு மணிக்குள் துறைமுகத்துக்குள் போயாக வேண்டும்.

"நாமளே பிடுங்கிடலாம்மா," என்றார் மேலாளர் செங்குட்டுவன். "அவங்க பிடுங்கினா அசிங்கம்."

"வேணாம் சார். விதி சரியாத்தான் கீது. விதி இருக்கிற இடத்துக்கே இது போவல." புளியந்தோப்புப் பேச்சை மாயா அலுவலகத்துக்காக மாற்றிக்கொண்டதில்லை.

வெளியே போகும் ஒவ்வொரு தகவலும் வரிசையாகச் சில சாவடிகளைக் கடக்க வேண்டும். அவற்றில் ஒன்று, தடை விதிகள் இருக்கும் ஃபயர்வால். ஒரு இணைப்பை நன்றாகப் பார்த்த பிறகு, இனி இதை என்னிடம் கொண்டுவர வேண்டாம் என்று அது, தகவல்களைப் பாதை பிரித்து அனுப்பும் சுவிட்சுக்குச் சொல்லிவிடும். சுவிட்ச் அதை நினைவில் வைத்து, அதன்பின் நேரே அனுப்பிவிடும்.

"கேட்ல வாட்ச்மேன் லட்சுமணண்ணன் தெரிஞ்ச டிரைவருக்குக் கை காட்டி அனுப்புறாருல்ல, அப்படி. அவனை வுடாதேன்னு உள்ள ஆபீஸ்ல நோட்டீஸ் ஒட்டினா அவருக்கு எப்படித் தெரியும்?"

"அந்த ஞாபகம் அரை மணியில அழிஞ்சிடும்னு நீதானே சொன்னே?"

அவள்தான் சொன்னாள். போன மாதம் அந்தக் குறுக்குவழியைத் திறந்துவிட்டவளும் அவளே. கேட்டில் தாமதம் பாதியாகக் குறைந்ததற்குப் பாராட்டும் கிடைத்தது. அரை மணி சும்மா கிடக்கும் இணைப்பை சுவிட்ச் மறந்துவிடும். மற்றவை அப்படித்தான் மறக்கப்பட்டு வந்தன. இது மட்டும் ஏன் மறக்கப்படவில்லை? மடிக்கணினியை எடுத்துக்கொண்டு எடைமேடைக்கே நடந்தாள்.

எடை போடும் மனோகரன் கண்ணாடிக் கூண்டுக்குள் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்த மிஷினைக் கடைசியா எப்ப ஆஃப் பண்ணீங்க?"

"ஆஃபா? ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சதோட சரி. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா, மேடையைக் காலி பண்ணி ஜீரோவுல கொண்டாந்து நிறுத்தணும். இருபது நிமிஷம் பேஜாரு. பின்னாடி நிக்கிறவன் எங்க அப்பன் பாட்டனையெல்லாம் இழுப்பான்."

"மேடையில லாரி இல்லாதப்ப?"

"அப்பவும் பத்து செகண்டுக்கு ஒரு தபா ஜீரோ ஜீரோன்னு அனுப்பிகினேதான் கீது. நீயே பாரேன்."

திரையில் பூஜ்யங்கள் ஓடின. சும்மா இருந்தால்தானே சுவிட்ச் மறக்கும்? இந்த இணைப்பு ஒரு மாதமாக வாயே மூடவில்லை.

போனில் செங்குட்டுவன், "அப்ப அதை அணைச்சிடு," என்றார்.

"குளிர்பெட்டி வண்டியெல்லாம் இந்த மேடையிலதான் ஏறணும் சார். அஞ்சு நிமிஷம் குடுங்க."

பத்தே முக்காலுக்கு, அந்தப் பாதைக்காக சுவிட்ச் சேர்த்து வைத்திருந்த அனுமதிகளை மட்டும் அழித்தாள். அடுத்த பூஜ்யம் ஃபயர்வாலுக்குப் போனது. விதி அதை அங்கேயே நிறுத்தியது. அதற்கடுத்ததும் நின்றது. யார்டின் சொந்த சர்வருக்கு எடைகள் வழக்கம்போல வந்தன. கேட் ஒரு நிமிடம்கூட மூடவில்லை.

அதோடு விடவில்லை. ஓயாமல் பேசுகிற இணைப்பானாலும் அனுமதி ஒரு மணி நேரத்தில் காலாவதி; விதி மாறினால் பழைய அனுமதிகள் அனைத்தும் உடனே ரத்து என்று அமைத்தாள். கேட்டில் தாமதம் கொஞ்சம் கூடும். கூடட்டும்.

போனோடு கூண்டுக்கு வெளியே வந்து, மேடையின் ஓரத்தில் ஏறி நின்றாள். "நின்னுடுச்சு சார்."

"நல்லதும்மா. தலைமை ஆபீஸுக்குக் காரணம் என்ன எழுதறது? மிஷினை அணைக்காம வெச்சிருந்தாங்கன்னு போட்டுடவா?"

"மனோகரண்ணன் அவரு வேலையை ஒழுங்காத்தான் பார்த்தாரு. விதி மாறினா பழைய அனுமதி போவணும்னு நான் வைக்கல. என் பேரைப் போடுங்க. சரி பண்ணதும் நான்தான், அதையும் போட்டுடுங்க."

கூண்டு ஜன்னலைத் தட்டினார் மனோகரன். முதல் குளிர்பெட்டி வண்டி மேடையில் ஏறி நின்றிருந்தது.

"கொஞ்சம் எறங்கிக்கோம்மா," என்றார். "உன் வெயிட்டும் சேர்ந்து வருது."