காற்று வயிறு

பெர்மெத்தின் வயிறு காலையில் தட்டையாக இருக்கும். மாலையில் தையற்கூடத்தில் வேலை முடிந்து பிஷ்கெக் நகர மினிபஸ்ஸில் ஏறும்போது ஆறு மாத வயிறு போல உப்பியிருக்கும். யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். மறுக்கக் கூச்சப்பட்டு உட்கார்ந்துகொள்வாள்.

கல்யாணமாகி நான்கு வருடம். மாமியார் சைரா இரண்டு முறை கர்ப்பமென்று ஏமாந்து அக்கம்பக்கத்தில் சொல்லியும் விட்டாள். அதற்குப் பிறகு, "உன் காத்துப் பிள்ளை எப்படியிருக்கு?" என்றுதான் கேட்பாள்.

டாக்டர் தமாரா எர்கினொவ்னா சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைத்து, மூன்று மணி நேரம் அவ்வப்போது குழாயில் ஊதச் சொல்லி மூச்சைச் சோதித்தார். சிறுகுடலில் கிருமிகள் பெருகிவிட்டன என்றார். ஆன்டிபயாட்டிக்கில் சரியானது, ஆனால் இரண்டே மாதத்தில் வயிறு மறுபடி உப்பியது. இரண்டாம் முறையும் அதே கதை. அப்போது மூலிகை மருந்து கேட்டவள் பெர்மெத்தேதான். டாக்டர் யோசித்து, மரமஞ்சள் வேர்ச் சத்து மாத்திரையை நான்கு வாரத்துக்கு எழுதினார்.

"மூலிகைதானேன்னு நினைக்காதே, இதுவும் மருந்துதான். கர்ப்பமா இருந்தா தொடக்கூடாது. வாய்ப்பு ஏதாவது இருக்கா?"

"நாலு வருஷமா வராதது இப்பவா வரப்போகுது?"

பத்தே நாளில் பாவாடையின் கொக்கி மாட்ட முடிந்தது. மூன்றாம் வாரம் ஆட்டுக்கறி வேகும் வாசனைக்கே குமட்டியது. மருந்தின் கசப்பு என்று நினைத்தாள். நாள் தள்ளிப்போனதை எண்ணிப் பார்த்தபோது ஊசி விரலில் ஏறியது.

பரிசோதனை அட்டையில் இரண்டு கோடு. நான்கு வருடம் காத்திருந்த கோடு; அவளோ மாத்திரை டப்பாவை எடுத்து மிச்சத்தை எண்ணினாள். அன்று காலையில்கூட மாத்திரை போட்டிருந்தாள்.

"இன்னிலேருந்து நிறுத்திடு," என்றார் டாக்டர்.

"பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா?"

"ஆகாதுன்னுதான் நம்புறேன். ஆனா சத்தியம் பண்ண என்னால முடியாது. பத்து நாள் கழிச்சு ஸ்கேன்."

கணவன் எர்மெக்கிடம் அன்றே சொன்னாள். அவன் சந்தோஷப்படத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். சைரா நம்பவே இல்லை.

"போடி, இதுவும் காத்துதான். இந்தத் தடவை நான் யார்கிட்டயும் வாய் திறக்க மாட்டேன்."

பத்து நாளும் பெர்மெத் தைத்ததையே பிரித்துத் தைத்தாள். கொடுத்த தேநீரில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டுக் கேட்டு மாமியாரைக் கடுப்பேற்றினாள்.

ஸ்கேன் திரையில் அரிசி அளவுக்கு ஏதோ துடித்தது.

"இதயம் நல்லா அடிக்குது. இன்னிக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்," என்றார் டாக்டர்.

அந்தப் பதில் போதாத மனத்தோடு பெர்மெத் மீதி மாதங்களைக் கழித்தாள். வயிறு உப்பினால் காற்றா பிள்ளையா என்று தெரியாது. மருந்து எதுவும் எடுக்காமல் வெங்காயத்தையும் பாலையும் ஒதுக்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டாள்.

இலையுதிர் காலத்தில் பெண் பிறந்தாள். இரண்டாம் நாள் உடம்பு மஞ்சளித்தபோது, தான் விழுங்கிய மாத்திரைதான் காரணம் என்று பெர்மெத் அழுதாள். "நிறையக் குழந்தைங்களுக்கு இப்படித்தான் வரும்," என்று தாதி சொன்னது காதில் ஏறவில்லை. குழந்தையை நீல விளக்கின் கீழ் மூன்று நாள் வைத்திருந்தார்கள். மஞ்சள் இறங்கியது.

சைரா பேத்தியைத் தூக்கித் தோளில் போட்டு முதுகைத் தட்டினாள். குழந்தை பெரிதாக ஏப்பம் விட்டது.

"உன் மகதான், சந்தேகமே இல்ல," என்றாள்.

பெர்மெத் சிரித்தாள். ஆனாலும் குழந்தையின் கண்ணிமையை இறக்கி, விழியின் வெள்ளையில் மஞ்சள் தெரிகிறதா என்று இன்னொரு தரம் பார்த்துக்கொண்டாள்.