தாமதமாக வந்த வாசனை

ஆவடி காமராஜ் நகரில் குணசேகரன் வீட்டுத் தொலைபேசியில் குரலோடு வாசனையும் வந்துகொண்டிருந்தது. எதிர்முனையில் பேசுகிறவர் நிற்கும் இடத்தின் வாசனை ரிசீவரின் ஓட்டைகள் வழியாக வரும். தொண்ணூற்று நான்கில் இணைப்பு கொடுத்த நாளிலிருந்தே அப்படித்தான். மதுரையிலிருந்து மைத்துனர் பேசினால் அவர் கடைச் சீயக்காய்ப் பொடி மணக்கும். துக்கச் செய்தி என்றால் பேசுகிறவர் வாயைத் திறக்குமுன் ஊதுவத்தி வந்துவிடும். குணசேகரனின் மனைவி வனஜா அங்கேயே உட்கார்ந்து அழத் தொடங்குவாள். தெருவில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டு சபீனாவின் கணவர் சுலைமானுக்கு ஷார்ஜாவில் வேலை. கையில் செல்போன் வந்த பிறகும் சபீனா வெள்ளிக்கிழமைகளில் இங்கே வந்து பாதி நேரம் பேசுவாள், மீதி நேரம் ரிசீவரை மூக்கில் வைத்துக்கொண்டு நிற்பாள். செல்போனுக்கு வாசனை வராது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

குணசேகரன் டேங்க் ஃபேக்டரியில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் முத்திரை இல்லாமல் ஒரு போல்ட்டுகூடப் பட்டறையைத் தாண்டியதில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். சந்தேகப்படுவது முதலில் தொழிலாக இருந்து, பிறகு சுபாவமாகிவிட்டது. கேஸ் சிலிண்டரை எடை போடாமல் வாங்க மாட்டார். மீன்காரம்மா செவுளைத் தூக்கிக் காட்டினாலும் போதாது, கண்ணையும் பார்க்க வேண்டும். ஒரே மகள் எழிலரசிக்கு வரன் தேடியபோது வந்தவர்களையெல்லாம் குற்றம் சொல்லித் தள்ளி, கடைசியில் புனேயில் ஐ.டி. வேலையில் இருந்த ஒருவனை, அவன் பழைய வீட்டுக்காரர் வரை விசாரித்துவிட்டு, சரி என்றார். கல்யாணத்துக்குப் பிறகு அவள் புனேயிலிருந்து தினமும் பேசினாள். ரசம் மணக்கும், கத்திரிக்காய் வதங்குவது மணக்கும், ஆனால் எப்போதும் ஒரு ஆளுக்கு மட்டும் சமைத்த அளவாகவே மணக்கும். அது அவருக்கு உறுத்தியது. லைனில் ஏதோ கோளாறு என்று முடிவு செய்துகொண்டார்.

பிறகு தாமிரக் கம்பியை எடுத்துவிட்டு ஃபைபர் போடும் காலம் வந்தது. தெருவே மாறியும் குணசேகரன் மசியவில்லை. மாற்றித்தான் ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் எழிலரசி. பழைய நம்பரே இருக்கும், பழைய போனையே அதில் சொருகிக்கொள்ளலாம், நெட் வழியாகப் பேச்சு பளிச்சென்று கேட்கும் என்றாள். கேட்காமலே பணத்தையும் கட்டிவிட்டாள். மகளுக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று அவர் யோசித்திருக்கலாம். அன்றைக்கு அவர் சந்தேகம் மொத்தமும் வயர் இழுக்க வந்த லோகேஷ் மேல் இருந்தது. அவன் ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டி, பச்சை விளக்குகளை எரியவைத்துவிட்டுப் போனான். அன்றோடு வாசனை நின்றது. மகளின் குரல் கழுவித் துடைத்த பாத்திரம் போலச் சுத்தமாக வந்தது. அத்தனை சுத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை. பெட்டி ஒட்டுக் கேட்கிறது என்றார், மேலே துண்டைப் போட்டு மூடினார், லோகேஷைத் திரும்பத் திரும்ப வரவழைத்தார்.

"சார், வாய்ஸ் சோக்கா கீது, நெட்டும் வர்து. வாசன வர்லன்னு இன்னான்னு சார் கம்ப்ளைண்ட் போட்றது?" என்றான் லோகேஷ். ஆனாலும் அவர் விடாததால், இதர குறைகள் என்ற தலைப்பில் பதிந்துவிட்டுப் போனான்.

சில வாரங்கள் கழித்து ஒரு காலை, யாரும் போன் பேசாத நேரத்தில், வெள்ளைப் பெட்டியிலிருந்து ஆட்டுக்கறியும் அத்தரும் மணந்தன. வனஜா சபீனாவைக் கூப்பிட்டாள். சபீனா பெட்டிக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். "இது பக்ரீத் அன்னிக்கி அவரு பேசுனாரே, அப்ப வந்திருக்க வேண்டிய வாசனைண்ணே. இப்பதான் வந்து சேர்ந்துகீது," என்றாள். அதுவரை ஹாலில் மணந்த ரசத்தையும் சாம்பிராணியையும் தங்கள் வீட்டு வாசனை என்றே எடுத்துக்கொண்டிருந்தார்கள். குரல் நொடியில் வந்துவிடுகிறது, வாசனை மட்டும் தன் நடையில் பின்னால் வருகிறது என்பது அதற்குப் பிறகு விளங்கியது. ஷார்ஜா வாசனைக்கு ஒன்றரை மாதம் ஆனது. மதுரைச் சீயக்காய்க்கு ஒரு வாரம். வேப்பம்பட்டில் இருக்கும் வனஜாவின் தங்கை இன்று பேசினால் நாளைச் சாயங்காலம் அவள் வீட்டுச் சாம்பிராணி வந்தது. குணசேகரன் பழைய உற்சாகத்தோடு எல்லாவற்றையும் அளந்தார். அளக்க அளக்க ஒரு கணக்கு மட்டும் உதைத்தது. புனேயில் இருக்கும் மகளின் வாசனை மறுநாள் காலையிலேயே, பால் பாக்கெட்டுக்கு முன்னால் வந்துவிட்டது.

முதலில் பெட்டி பொய் சொல்கிறது என்றுதான் நினைத்தார். பிறகு ஒரு வியாழக்கிழமை மதியம் எழிலரசி பேசினாள். புனேயில் நல்ல வெயில் என்றாள். ஆவடியிலும் வெயில்தான். பட்டாபிராமுக்கு அந்தப் பக்கம் மட்டும் திடீர் மழை கொட்டி, லோக்கல் ரயிலில் வந்தவர்கள் நனைந்துபோய் ஆவடியில் இறங்கினார்கள். மறுநாள் காலை பெட்டியிலிருந்து புது மழை நனைத்த மண்ணும், ஏரிச் சேறும், ஒரு ஆளுக்கு வைத்த ரசமும் மணந்தன. வேப்பம்பட்டை விடக் கிட்டே, ஏரி உள்ள ஊர் என்றால் திருநின்றவூர்தான். மகள் ரயிலில் கொஞ்ச நேரத் தூரத்தில் தனியாக இருக்கிறாள், மாதக் கணக்கில் இல்லாத புனேயை அவருக்குக் காட்டிக்கொண்டிருக்கிறாள். தன் அளவு தப்பாக இருக்க வேண்டும் என்று குணசேகரன் வாழ்க்கையில் முதல் முறையாக ஆசைப்பட்டார். தோள் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று அவள் பேசியபோது அவர் ஒன்றும் கேட்கவில்லை. "நாளைக்கு அம்மாவை மீன் குழம்பு வெக்கச் சொல்றேன். நானே எடுத்துட்டு வரேன். திருவள்ளூர் லோக்கல்ல ஏறினா சூடு ஆறாது," என்றார்.

எழிலரசி சொன்னாள்: "சோறும் சேர்த்து எடுத்துட்டு வாப்பா. இங்க ஒரு ஆளுக்குத்தான் வடிக்கிறேன்."

அவர் அடுப்படிக்குப் போய் மீன் குழம்பு என்று மட்டும் சொன்னார். வனஜா திரும்பாமலே, நெத்திலி வேண்டாம், அவளுக்கு வஞ்சிரம்தான் பிடிக்கும், ஏரிக்கரை மாடி வீட்டில் படி செங்குத்து, பார்த்து ஏறுங்கள் என்றாள். செவ்வாய்க்கிழமை தோறும் கோயிலுக்கு என்று சொல்லிக் கூடையோடு போன மனைவியை அவர் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. அந்த நேரத்தில் அவருக்கு அதுதான் அதிகம் வலித்தது.

மறுநாள் திருநின்றவூரில் எழிலரசி எல்லாவற்றையும் சொன்னாள். மாப்பிள்ளை அடிக்கவில்லை, குடிக்கவில்லை. மாதக் கணக்கில் ஒரு வார்த்தை பேசாமல் இருப்பான், வெளியில் சாப்பிட்டுவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொள்வான். வேலையைச் சென்னைக்கு மாற்றிக்கொண்டு அவள் வந்துவிட்டாள். வாசனை வந்தால் அப்பா கண்டுபிடித்துவிடுவார் என்றுதான் முதலில் போனை மாற்றச் சொன்னாள்.

"நான் பார்த்து பாஸ் பண்ண பீஸ்மா அது," என்றார் குணசேகரன்.

"அதனாலதாம்பா சொல்லல. ஒண்ணைக்கூட தப்பா விட்டதில்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருப்பியே," என்றாள்.

அவர் பெரிய மீன் துண்டாகப் பார்த்து அவள் தட்டில் வைத்தார். இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் வீட்டுக்குப் போன் போட்டு, அப்பா வந்து சேர்ந்துவிட்டார் என்று அம்மாவிடம் சொன்னாள்.

அந்த வாசனை மறுநாள் காலை பால் பாக்கெட்டுக்கு முன்னால் வந்தது. குணசேகரன் பெட்டிக்கு மேலிருந்த துண்டை எடுத்துவிட்டு, குனிந்து நிதானமாக மோந்து பார்த்தார். இரண்டு பேர் சாப்பிட்ட அளவுக்கு இருந்தது. பத்து மணிக்கு லோகேஷ் கூப்பிட்டு, பழைய கம்ப்ளைண்ட் இன்னும் முடியாமல் கிடக்கிறது, என்ன செய்ய என்று கேட்டான். முடித்துவிடச் சொன்னார். எங்கேயிருந்து பேசினானோ, அந்த டீக்கடையின் பஜ்ஜி எண்ணெய் அடுத்த சனிக்கிழமைதான் வந்து சேர்ந்தது.