எழுபதில் நிற்காத முள்

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஸ்கேன் எடுக்கும் இடத்தில் என் முறைக்காக உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரர், முன்பின் தெரியாதவர், என் பக்கம் சாய்ந்து கேட்டார்:

"தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க வீட்ல ஈரப்பதம் எவ்வளவு இருக்கும்?"

வீட்டில் எத்தனை கரண்டி இருக்கிறது என்று கேட்டிருந்தால்கூட யோசித்துச் சொல்லியிருப்பேன். இதற்கு என்னத்தைச் சொல்வது? "தெரியலையே" என்றேன்.

"யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்றாங்க" என்று பெருமூச்சு விட்டார். வீட்டில் சுருட்டு வைத்திருக்கிறாராம். அவருடையது இல்லையாம். காய்ந்துவிடக் கூடாதாம், பூஞ்சையும் பிடித்துவிடக் கூடாதாம். இவ்வளவு சொல்வதற்குள் யாரோ கூப்பிட, எழுந்து ஓடிவிட்டார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"மனிதன் புகையைக் கண்டுபிடித்த நாளிலிருந்து..." எனக்கே கொட்டாவி வருகிறது. வேண்டாம்.

"வானம் மூடியிருந்தது. காற்றில் ஈரம்..." ஈரப்பதக் கதையை மழையில் தொடங்குவதா? அடித்துவிட்டேன்.

மூன்றாவதை வைத்துக்கொள்வோம்:

அவர் ஒரு கோழிக்குஞ்சு பொரிப்பகத்தில் வேலை பார்க்கிறார். (நிஜத்தில் அவர் என்ன வேலை பார்க்கிறாரோ, யார் கண்டது? வேலையைக் கொடுத்தது நான். ஈரத்தைப் பார்த்துப் பயப்படுகிற ஒரு வேலை வேண்டியிருந்தது.) பெரிய பெரிய அலமாரி மாதிரி மெஷின்கள், தட்டுத் தட்டாக முட்டைகள். ஈரம் குறைந்தால் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே காய்ந்துபோகும், கூடினால் மூச்சு முட்டும். முட்டையை ஒரே பக்கமாகக் கிடக்கவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது அதை மெஷினே செய்துவிடுகிறது. ஆனாலும் தட்டுகள் சாய்கின்றனவா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் அவர் டீ குடிக்கப் போவார். மனிதர் அப்படி.

சுருட்டுகள் அவருடைய மச்சானுடையவை, அதாவது மனைவியின் அண்ணனுடையவை. மச்சான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஒரு கப்பல் கேப்டன் பிரியமாகக் கொடுத்த பெட்டி அது. இப்போது மச்சானின் நுரையீரலில் ஏதோ நிழல் தெரிகிறதென்று சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

"மாப்ளே, வீட்ல இருந்தா என் கை சும்மா இருக்காது. ரிசல்ட் வர்ற வரைக்கும் நீ வச்சுக்க" என்றார் மச்சான். "காய விட்றாத. ஈரத்தை அளக்கத் தெரிஞ்சவன் நம்ம குடும்பத்துல நீ ஒருத்தன்தான். பாப்பாகிட்ட மூச்சு விட்றாத."

பாப்பா என்பது மச்சானின் தங்கை, இவருடைய மனைவி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். நாற்பதைத் தாண்டியும் அண்ணனுக்கு அவர் பாப்பாதான். புகையை விடு, விடு என்று அண்ணனிடம் சொல்லிச் சொல்லி அந்தப் பாப்பாவுக்கு வாய் வலித்துவிட்டது.

3.

ஏற்பாடெல்லாம் பிரமாதம். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற, காற்றுப் புகாத டப்பா ஒன்று. உள்ளே சுருட்டுகள், ஈரப் பஞ்சு, முள் வைத்த ஒரு சின்ன மீட்டர். ஈரப்பதம் எழுபது சதவீதம் இருக்க வேண்டும் என்கிறார்கள் சிலர். அறுபத்தைந்தே அதிகம் என்கிறார்கள் வேறு சிலர். இவர் எழுபதைப் பிடித்துக்கொண்டார்.

முள்தான் பிடிகொடுக்கவில்லை. காலையில் அறுபத்தொன்று. பஞ்சை நனைத்து வைத்தால் எழுபத்தாறு. பஞ்சைப் பிழிந்து வைத்தால் மறுபடி அறுபதுக்குக் கீழே. மீட்டரே பொய் சொல்கிறதோ என்று வேறொரு டப்பாவில் உப்பைத் தண்ணீரில் குழைத்து வைத்து, அதனோடு மீட்டரைப் போட்டு இறுக்கி மூடினார். மீட்டர் நல்ல மீட்டராக இருந்தால் எழுபத்தைந்து காட்ட வேண்டும். அச்சு அசலாக எழுபத்தைந்து காட்டியது. மீட்டர்மீது பழி போடவும் வழியில்லை.

வேலைக்குப் போனாலும் மண்டைக்குள் அந்த முள்தான். முள் இறங்கினால் மச்சானுக்கு மூச்சு வாங்குகிறது, ஏறினால் நெஞ்சில் சளி கட்டுகிறது என்று அவராகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். பைத்தியக்காரத்தனம் என்று அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? கணக்கு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

[இங்கே புகையிலை இலையைப் பற்றி ஒரு நீண்ட பத்தி இருந்தது. எனக்கு நிறைய தெரியும் என்று காட்டிக்கொள்வதற்காக எழுதியது. தூக்கிவிட்டேன்.]

4.

மனைவி போர்வை எடுக்க வந்தவர் கதவோரம் நின்றுவிட்டார். கணவர் துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு, டப்பாவைத் திறந்து, ஒவ்வொரு சுருட்டாக மெல்லப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

திருதிருவென்று முழித்தார். "திருப்பிப் போடுறேன்."

"எதை?"

மனைவி கிட்டே வந்து பார்த்தார்.

"தினமுமா?"

"காலைல, மத்தியானம் சாப்பிட வரும்போது, சாயங்காலம்."

"எதுக்கு? இது என்ன, குஞ்சா பொரிக்கப் போகுது?"

அப்போதுதான் அவருக்கே உறைத்தது. சுருட்டை அப்படித் திருப்ப வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. கை பழகிய பழக்கம், அதுபாட்டுக்குத் திருப்பியிருக்கிறது. ஒவ்வொரு தடவை மூடியைத் திறந்தபோதும் ஈரமும் கிளம்பிப் போயிருக்கிறது. முள்ளை நிற்கவிடாமல் செய்தது அவருடைய அக்கறையேதான்.

(நான் சிரிக்க முடியாது. இந்தப் பகுதியை எத்தனை தடவை திறந்து, ஒரு சொல்லைப் புரட்டிப் போட்டு மூடியிருக்கிறேன் என்று என்னைத்தான் கேட்க வேண்டும்.)

மனைவி வாய்விட்டுச் சிரித்தார்; சிரிப்பு அடங்கியதும் அவரிடமிருந்து அடுத்த கேள்வி வந்தது. "யாரோடது?"

சொல்லிவிட்டார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

மனைவியின் முகம் மாறிவிட்டது. டப்பாவை அப்படியே தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். குப்பைக்கூடையின் மூடியைக் காலால் மிதித்துத் திறந்தார். "அவன் நெஞ்சை அரிச்சதே இதுதான். இதை நீங்க குழந்தை மாதிரி வளர்க்கிறீங்க! வெக்கமா இல்லை?"

மனைவியின் கால் மிதியில், டப்பா கையில். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் எனக்கு அந்தத் தங்கைமேல் சந்தேகம்தான். ஒரு தங்கை என்றால் குப்பையில் போட்டிருக்க வேண்டாமா? நானாக இருந்தால் போட்டிருப்பேன். இரண்டு தடவை போட வைத்தும் எழுதிப் பார்த்தேன். இரண்டு தடவையும் கதை அங்கேயே விழுந்து செத்துவிட்டது.

மனைவி மிதியிலிருந்து காலை எடுத்தார். மூடி படாரென்று விழுந்தது.

"போட மனசு வரலைங்க" என்றார். "போட்டுட்டா, அவன் இனிமே வந்து கேக்க மாட்டான்னு நானே முடிவு பண்ணிட்ட மாதிரி ஆயிடும்."

டப்பாவைச் சாப்பாட்டு மேசையில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தார். "இனிமே இதைத் தொட்டீங்க, அப்புறம் நடக்கிறதே வேற. திறந்து திறந்து பார்த்தா எந்த ஈரம் நிக்கும்?"

அன்றிலிருந்து இரண்டு பேரும் போகிறபோதும் வருகிறபோதும் குனிந்து முள்ளைப் பார்த்தார்கள். வேன் சாவியை மறந்தாலும் மனைவி இதை மறக்கவில்லை. முள் மெல்ல மெல்ல ஏறி அறுபத்தெட்டில் நின்றது. எழுபது இல்லை. ஆனால் நின்றது.

5.

முடிவுகள்.

முதல் முடிவு: நிழல் வெறும் பழைய தழும்பு. மச்சான் சிரித்துக்கொண்டே வருகிறார், தங்கை டப்பாவை மறைத்து வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறார். எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. ரொம்பப் பிடித்ததாலேயே அதை நம்பப் பயமாக இருக்கிறது.

இரண்டாவது: "மச்சானின் உடுப்புகளை மடித்து வைக்கும்போது அவர் தங்கை"

இந்த வாக்கியத்தை முடிக்க என்னால் ஆகவில்லை. ஏன் என்பதைச் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன், சொல்லிவிடுகிறேன். அந்த ஸ்கேன் இடத்துக்கு நான் கதை பொறுக்கப் போகவில்லை. எனக்கும் ஒரு ரிப்போர்ட் வர வேண்டியிருக்கிறது. இந்தப் பக்கத்தை எழுதும்போதும் போன் மேசைமேல் குப்புறக் கிடக்கிறது. மற்றவர் வீட்டுக்கு ஒரு முடிவை எழுதிவிட்டு, அது என் வீட்டுக்கும் பலித்துவிட்டால்?

மூன்றாவது முடிவு இல்லை. கதையில் அடுத்து நடப்பதை மட்டும் எழுதுகிறேன்.

6.

சாயங்காலம் கணவரின் போன் அடித்தது. அவர் குளித்துக்கொண்டிருந்தார். திரையில் அண்ணனின் படம். மனைவி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தார். அவர் பேசுவதற்குள் அந்தப் பக்கம் தொடங்கிவிட்டது.

"மாப்ளே, ரிப்போர்ட் வந்துடுச்சு. கையில வச்சிருக்கேன். அது கெடக்கட்டும், முதல்ல நீ சொல்லு. எவ்வளவு இருக்கு?"

மனைவி மேசைப் பக்கம் குனிந்தார். கண் மங்கியது. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அறுபத்தெட்டு" என்றார்.

கிரேன் ஓட்டுகிற அந்தப் பெரிய மனிதர் மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பையன் மாதிரி மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"பாப்பா..."

"கம்மியாண்ணா? எழுபது வேணுமாமே. இன்னும் கொஞ்சம் பஞ்சு நனைச்சு வைக்கட்டுமா?"

"திட்ட மாட்டியா?"

"திட்டுவேன். நேர்ல வா, நல்லாத் திட்டுறேன்." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இப்ப அந்தத் தாளைப் பிரி. பிரிச்சுப் படி. நான் போனை வைக்க மாட்டேன்."

தாள் பிரிகிற சத்தம் கேட்டது. தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது.

இதற்கு மேல் காதை வைத்துக் கேட்க என்னால் முடியாது. கோழை என்று சொல்லுங்கள், பரவாயில்லை. நீங்கள் கொஞ்சம் இந்தப் போனைப் பிடியுங்கள். அவர் படிக்கத் தொடங்குகிறார். எதைப் படித்தாலும் "ம், சொல்லுண்ணா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருங்கள்.