வழியனுப்பப்படாத லெஸ்டர்

லெஸ்டர் பிரோஸ்கி ஒரு புதன்கிழமை சான்டா மோனிகா கடற்கரையில் காரை நிறுத்தி இறங்கிய அதே நேரத்தில், நாட்டின் மறுகோடியில் எங்கள் ஊரான பெல்மாரில், தன் வீட்டுக் கார் கொட்டகையில் இன்னும் கிளம்பாமல் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தார். அன்று எங்கள் ஊரில் நல்ல வெயில். முட்டை விலை கொஞ்சம் இறங்கியிருந்தது.

அட்லாண்டிக் கரையிலிருந்து பசிபிக் கரைக்கு யார் சீக்கிரம் ஓட்டிப் போவது என்ற பைத்தியம் அந்த வருடங்களில் பலரைப் பிடித்திருந்தது. மணிக்கு ஐம்பத்தைந்து மைலுக்கு மேல் போகக்கூடாது என்று அரசாங்கம் சட்டம் போட்ட பிறகு பைத்தியம் முற்றியது. திருட்டு வேலை என்பதால் கோப்பையும் இல்லை, சான்றிதழும் இல்லை. மேற்குக் கரையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் கஸ் என்ற பழைய ஓட்டுநர், வந்து சேர்ந்தவனைக் கண்டதும் கிளம்பிய வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுவார். வழியனுப்பியவர் தன் கண்ணால் பார்த்த நேரத்தைச் சொன்னால்தான் சாதனை. லெஸ்டரை வழியனுப்புவது அவர் மனைவி டோரீன். டோரீனுக்குப் பொய் சொல்ல வராது. அதனாலேயே ஊரில் அவருக்குத் தோழிகள் குறைவு.

லெஸ்டர் ஏழு முறை ஓடி ஏழு முறையும் சில நிமிடங்களில் கோட்டை விட்டவர். பின்சீட்டைப் பிடுங்கி அங்கே இரண்டாவது டேங்க் வைத்தார். ரேடியோவைக் கழற்றினார், ஸ்டெப்னியைத் தூக்கி எறிந்தார், சிறுநீர் அவசரத்துக்கு ஒரு பாட்டிலோடு பழகிக்கொண்டார். டோரீனின் தம்பி கார்மைன் பக்கத்தில் உட்கார்ந்து தொலைநோக்கியில் போலீஸ் தேடுவார். இவ்வளவு செய்தும் நிமிடங்கள் எங்கே ஒழுகுகின்றன என்று லெஸ்டர் யோசித்தார். வாசலில்தான் என்று கண்டுபிடித்தார். டோரீன் சட்டைக் காலரைச் சரிசெய்வார், சாண்ட்விச் பொட்டலத்தைக் கொடுப்பார், அடுப்பை யார் அணைத்தது என்று ஒரு சின்னச் சண்டை நடக்கும், பிறகு முத்தம். எட்டாவது முறை லெஸ்டர் அதையும் கழற்றிவிட்டார். டோரீன் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கார்மைனோடு சேர்ந்து காரை ஓசைப்படாமல் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

கார் எடையே இல்லாதது போல ஓடியது. வழியில் ஒஹையோவில் ஒரு போலீஸ்காரர் சாலையோரம் நின்று பார்த்தார், ஆனால் பிடிக்கவில்லை. இன்னும் கிளம்பாத காரை எந்தச் சட்டத்தில் பிடிப்பது?

"மச்சான், அந்த ஆளு நம்மள ஊடுருவி அந்தப் பக்கம் இருக்கிற மாட்டைப் பாக்குறான்" என்றார் கார்மைன்.

"பாக்கட்டும். மாடு அழகாத்தான் இருக்கு. நீ ரோட்டைப் பாரு."

சான்டா மோனிகாவில் கஸ் தொலைபேசியை எடுத்தார். "டோரீன், உன் புருஷன் எல்லார் வாயிலயும் மண்ணைப் போட்டுட்டான். எப்போ கிளம்பினான்னு மட்டும் சொல்லும்மா."

டோரீன் ஜன்னல் வழியே பார்த்தார். "இன்னும் கிளம்பலையே கஸ். கொட்டகையில பெட்ரோல் ஊத்திட்டு இருக்கான்."

"இங்க என் பக்கத்துல நின்னு பர்கர் தின்னுட்டு இருக்கானே."

"ரெண்டு பேரும் அவன்தான் போல."

லெஸ்டர் தொலைபேசியைப் பிடுங்கினார். "டோரீன், விளையாடாத. பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லு. நாட்டுலயே நான்தான் முதல் ஆளு."

"நீ சொல்லிட்டா போன? இரு. கொட்டகையில இருக்கிறவனுக்குக் கையசைச்சிட்டு வந்து சொல்றேன்."

அப்படித்தான் செய்வதாக இருந்தார். கொட்டகை வாசலில் கையைத் தூக்கியதும் உள்ளே இருந்த லெஸ்டர் பனிக்கண்ணாடி போல மங்கினார், அவருக்குப் பின்னால் இருந்த சுவரின் ஆணிகள் தெரிந்தன. டோரீன் கையைக் கீழே இறக்கினார். ஆணிகள் மறைந்தன. இவரைக் கையசைத்து அனுப்பினால் இவர் மறைந்துபோவார், அப்போதுதான் கடற்கரையில் நிற்பவர் வென்றவர் என்பது டோரீனுக்குப் புரிந்தது.

"யாரு ஃபோன்ல?" என்றார் கொட்டகை லெஸ்டர். மூக்கில் கரி.

"நீதான்."

"எப்படிப் போச்சாம்?"

"எல்லாரையும் முந்திட்டியாம்."

அவர் பெட்ரோல் கேனைக் கீழே வைத்தார். "அப்புறம் எதுக்கு நான் வேற போயிக்கிட்டு? சாப்பிட என்ன இருக்கு?"

கல்யாணமான நாளிலிருந்து கிளம்பும் நாளில் அவர் இப்படிக் கேட்டதில்லை. டோரீனுக்கு அழுகை வந்தது. அது சந்தோஷ அழுகைதான், அதற்காக அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. உள்ளே போய்த் தொலைபேசியில், "நான் பாக்கல கஸ். பாக்காததைப் பாத்தேன்னு சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, பன்றி இறைச்சியும் முட்டையும் பொரித்தார். கார்மைனும் இரண்டாகியிருந்தார். ஒருவரே அதிகம் என்று ஊரில் சொன்னார்கள், அவ்வளவுதான்.

சாதனை கைக்கு வராமல் வீடு திரும்ப மாட்டேன் என்று கடற்கரை லெஸ்டர் அங்கேயே டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் டோரீனோடு தொலைபேசியில் பேசுவார். முதலில் கெஞ்சினார், பிறகு திட்டினார், தலை நரைத்த பிறகு, "இன்னும் இருக்கானா?" என்று மட்டும் கேட்பார். "இருக்கான்" என்பார் டோரீன். "முழங்காலுக்கு எண்ணெய் தடவச் சொல்லு, எனக்கு வலிக்குது" என்று சொல்லி லெஸ்டர் தொலைபேசியை வைத்துவிடுவார்.

எங்கள் ஊரில் லெஸ்டருக்கு யாரும் விடைகொடுப்பதில்லை. அவர் காரை எடுக்கும்போது டோரீன் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வார். ரொட்டிக் கடைக்குப் புதிதாக வந்த பெண் ஒருமுறை விவரம் தெரியாமல் கையசைத்துவிட்டாள். தெருமுனை போவதற்குள் லெஸ்டர் பாதிக்கு மேல் கரைந்துவிட்டார். மேற்கே கஸ் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றதாகக் கேள்வி. டோரீன் ஏப்ரனோடு ஓடிவந்து, வெங்காயம் வாங்க மறந்ததற்காக நடுத்தெருவில் வைத்துக் கிழி கிழியென்று கிழித்த பிறகுதான் அவர் முழுசாகத் திரும்பினார். கஸ் மறுபடி உட்கார்ந்துகொண்டார். அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொல்லி வைத்தோம். இப்போது அவளும் ரொட்டியைக் கொடுத்ததும் முதுகைத் திருப்பிக்கொள்கிறாள்.